சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரும் புதுநீரும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சிங்கப்பூர் வந்து இறங்கியவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி, "குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாமா?" என்பது. தாராளமாகக் குடிக்கலாம். காய்ச்ச வேண்டாம், ஃபில்டர் மாட்ட வேண்டாம், பாட்டில் வாங்க வேண்டாம். இந்தப் பதில் சில நாளைக்குப் போதும். அப்புறம் அறையில் கூடத் தங்கியிருப்பவரோ அலுவலகத்தில் யாரோ இன்னொன்றைச் சொல்வார்கள்: "இங்க சாக்கடைத் தண்ணியைத்தான் சுத்தம் பண்ணித் தர்றாங்க, தெரியுமா?" அதோடு கையிலிருக்கும் டம்ளர் அப்படியே நிற்கும். மறுநாளிலிருந்து பாட்டில் தண்ணீர் வாங்க ஆரம்பித்து, மாதக் கடைசியில் அதுவே ஒரு செலவாக வந்து நிற்கும்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை. முழுதும் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சந்தேகத்தோடு தாகம் அடக்கிக்கொண்டு திரிபவர்களை, குறிப்பாக வெயிலில் கட்டுமான வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் குழாயில் வருவது என்ன?

சிங்கப்பூருக்கு நான்கு வழிகளில் தண்ணீர் கிடைக்கிறது. ஒன்று மழை. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே பெய்யும் மழை கால்வாய்கள் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. இரண்டாவது, மலேசியாவின் ஜொகூர் ஆற்றுத் தண்ணீர். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. மூன்றாவது, நியூவாட்டர் எனப்படும் புதுநீர்; அதாவது வீடுகளிலும் மற்ற இடங்களிலும் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து எடுப்பது. நான்காவது, உப்பு நீக்கிய கடல்நீர்.

இதில் புதுநீர் எங்கே போகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் பெரிய கட்டடங்களின் குளிர்சாதன அமைப்புகளுக்கும் தனிக் குழாய்களில் போகிறது. மின்சில்லு செய்யும் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. சாதாரணக் குழாய் நீரைவிட அதில் கனிமங்கள் குறைவு என்பதால், அவர்களுக்குத் தேவையான மிகத் தூய நீரை அதிலிருந்து எடுப்பது எளிது. வறட்சியான மாதங்களில் ஒரு பகுதியை நீர்த்தேக்கங்களில் விடுகிறார்கள். அங்கே மழைநீரோடு கலந்து, மீண்டும் ஒருமுறை குடிநீர் ஆலையில் சுத்திகரிக்கப்பட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது. 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை இங்கே மழையே இல்லாத ஒரு காலம் வந்தது. அப்போது நீர்த்தேக்கங்களில் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டதில் புதுநீருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, உங்கள் சமையலறைக் குழாயில் வருவது கலவை நீர். அதில் புதுநீரின் பங்கு காலத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். சில மாதங்களில் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். "நம்ம வீட்டுக்கு வராது" என்று சமாதானம் செய்துகொள்வதைவிட, வந்தாலும் ஏன் குடிக்கலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, சுத்திகரிப்பைப் படிப்படியாகப் பாருங்கள்

கழிவறையிலும் குளியலறையிலும் சமையலறையிலும் நாம் பயன்படுத்திய நீர், மழைநீர்க் கால்வாயோடு சேராமல் தனிக் குழாய்களில் போகிறது. இந்தப் பிரிப்பு நம் ஊர்களில் பல இடங்களில் இல்லை. இங்கே இதுதான் அஸ்திவாரம். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழத்தில் ஒரு சுரங்கக் குழாய் ஓடுகிறது. முதல் கட்டமான இது 2008இல் நிறைவடைந்தது. பயன்படுத்திய நீர் அதில் புவியீர்ப்பு விசையாலேயே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது.

அங்கே முதலில் வழக்கமான சுத்திகரிப்பு. பெரிய குப்பைகளைச் சலித்து எடுத்து, மண்ணைப் படிய வைத்து, காற்று ஊட்டிய தொட்டிகளில் நுண்ணுயிரிகளை விட்டு அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள். வெளிவரும் நீர் தெளிவாக இருக்கும். உலகின் பல நகரங்களில் இந்தக் கட்டத்தோடு ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடுவார்கள். புதுநீரின் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் கட்டம் நுண்வடிகட்டல். உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகள் கற்றை கற்றையாக இருக்கும். அவற்றின் சுவரில் உள்ள துளைகள் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாக்கள் பொதுவாக அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே வெளியே தங்கிவிடும்.

இரண்டாவது கட்டம்தான் உயிர்நாடி: எதிர்ச் சவ்வூடு பரவல், நாம் எல்லோரும் சொல்கிற ஆர்ஓ. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டிருக்கும் அல்லவா? உப்பு இருக்கும் பக்கம் நோக்கித் தண்ணீர் தானாக நகர்வது இயற்கை. ஆர்ஓவில் அதற்கு நேர்மாறாக, உப்பும் அழுக்கும் உள்ள பக்கத்திலிருந்து பெரும் அழுத்தம் கொடுத்து, தண்ணீர் மூலக்கூறை மட்டும் மறுபக்கம் தள்ளுகிறார்கள். இந்தச் சவ்வின் இடைவெளிகள் முந்தைய கட்டத்தின் துளைகளைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு நுண்ணியவை. வைரஸ், கரைந்த உப்பு, கன உலோகம், பூச்சிக்கொல்லி, பெரும்பாலான மருந்து எச்சங்கள் எல்லாம் இங்கே தடுக்கப்படுகின்றன. உள்ளே போகும் நீரில் சுமார் முக்கால் பங்கு சுத்தமாக வெளியே வருகிறது. மிச்சம், தடுக்கப்பட்டதை எல்லாம் சுமந்துகொண்டு தனியே கழிக்கப்படுகிறது.

இந்த இரண்டுக்குப் பிறகே நீர் மிகத் தரமாகிவிடுகிறது. இருந்தாலும் காப்புக்காக மூன்றாவது கட்டமாகப் புறஊதா ஒளி பாய்ச்சுகிறார்கள். ஏதாவது நுண்ணுயிர் தப்பி வந்திருந்தாலும் அதன் மரபணு சிதைந்து, பெருக முடியாமல் போகும். ஆர்ஓ நீர் சற்று அமிலத்தன்மையோடு இருக்கும் என்பதால் கடைசியில் கொஞ்சம் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துச் சரிசெய்கிறார்கள்.

"சவ்வு கிழிஞ்சா என்ன ஆகும்?" என்பது நல்ல கேள்வி. இத்தகைய ஆலைகளில் நுண்வடிகட்டி இழைகளுக்குள் காற்றை அழுத்தி அடைத்துவிட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று அடிக்கடி பார்ப்பார்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் காற்று கசியும், மானி காட்டிக்கொடுக்கும். ஆர்ஓ பக்கம் நீரின் மின்கடத்து திறனை விடாமல் அளக்கிறார்கள். உப்பு துளி கசிந்தாலும் எண் ஏறும். வைரஸைத் தேடிப் பிடித்துப் பார்க்க நாளாகும். அதைவிட மிகச் சிறிய உப்பு அயனி கடக்கிறதா என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். உப்பே தாண்ட முடியாத இடத்தில் வைரஸ் தாண்டுவது கடினம். இதைப் புரிந்துகொண்டால் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. ஆலையின் படத்தைக் காட்டுவதைவிட இதை விளக்குவது நல்ல பலன் தரும்.

இதைச் சோதித்தவர்கள் யார்?

ஒரே நாளில் எடுத்த முடிவல்ல இது. 1963இல் தண்ணீர்ப் பங்கீடு அமலான ஊர் இது. 1974இல் ஜூரோங்கில் ஒரு சோதனை ஆலை வைத்துப் பார்த்தார்கள். அன்றைய சவ்வுகள் விலை அதிகம், நம்பகமும் இல்லை என்று மூடிவிட்டார்கள். சவ்வுத் தொழில்நுட்பம் தேறிய பிறகு 1998இல் மீண்டும் ஆய்வு தொடங்கி, 2000 மே மாதம் பிடோக்கில் நாளுக்கு 10,000 கனமீட்டர் தரும் ஆலை ஓட ஆரம்பித்தது. உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் கொண்ட தனிக் குழு இரண்டு ஆண்டு கண்காணித்தது. எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மெடாக்கா என்ற சிறு ஜப்பானிய மீன்களை அந்த நீரிலேயே வளர்த்தார்கள். 2002இல் குழு, குடிக்கப் பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தது. நீர்த்தேக்கத்தில் கலந்து பயன்படுத்துவது நல்லது என்றும் பரிந்துரைத்தது. நான் மேலே சொன்ன கலக்கும் முறை அப்படி வந்ததுதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9, தேசிய தின அணிவகுப்பில் பிரதமர் கோ சோக் டோங்கும் அரங்கில் இருந்த சுமார் 60,000 பேரும் புதுநீர் பாட்டிலைத் திறந்து ஒன்றாகக் குடித்தார்கள். 2003 பிப்ரவரியில் பிடோக், கிராஞ்சி ஆலைகள் முறைப்படி திறக்கப்பட்டன. இன்று நாட்டின் நீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் நிறைவேற்ற முடியும். கடல்நீரைச் சுத்திகரிக்க ஆகும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே இதற்குப் போதும் என்பது இதன் இன்னொரு பலம்.

நம் ஊரில் குடித்தது மட்டும் என்ன?

தயங்குபவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். காவிரியின் போக்கை நினைத்துப் பாருங்கள். மேட்டூரைத் தாண்டி, பவானி, ஈரோடு என்று ஊர் ஊராகத் தொட்டுவிட்டுத்தான் திருச்சிக்கு வருகிறது. மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் சாயக்கழிவும் ஆற்றில் சேர்ந்திருக்கின்றன. கீழே உள்ள ஊர் அதையே எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கிறது. ஆற்றங்கரை நகரம் எதுவும் இதற்கு விலக்கில்லை. சிங்கப்பூர் செய்வதில் வித்தியாசம், கழிவு எங்கே சேர்கிறது, என்னென்ன கட்டம் தாண்டுகிறது என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று. வீட்டுக்கு வந்த கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர்தான். அதே தொழில்நுட்பம்தான் இங்கே பெரிய அளவில், இடைவிடாத கண்காணிப்போடு இருக்கிறது. சென்னையிலேயே 2019 முதல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்ஓ ஆலைகள், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றன.

ஆப்பிரிக்காவில் நமீபியாவின் தலைநகரம் விண்டுக் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நீர்த்தேக்கத்தில்கூடக் கலக்காமல் நேரடியாகக் குடிநீர் வலையமைப்பில் சேர்த்து வருகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நகரம் குடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது குடித்துப் பழகுங்கள்

சரி, அறிவு ஒப்புக்கொண்டாலும் நாக்கு ஒப்புக்கொள்ள நாளாகும். முதலில் சோறு வடிக்க, டீ போட என்று தொடங்குங்கள். அப்புறம் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குடித்துப் பாருங்கள். இங்கே கிருமி வராமல் இருக்க நீரில் குளோராமின் சேர்க்கிறார்கள். அதன் லேசான வாடை சிலருக்குத் தெரியும், குளிர்ந்தால் தெரியாது. ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புச் சுவைக்குப் பழகிய நாக்குக்கு இங்கத்துத் தண்ணீர் முதலில் சப்பென்றுதான் இருக்கும்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். ஊரில் செய்வதுபோல ஒரு நாள் திறந்து வைத்தால் குளோராமின் போகாது; கடையில் கிடைக்கும் நீக்கும் திரவத்தை விட்டுத்தான் மீனை விட வேண்டும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க எந்த ஊரானாலும் காய்ச்சிய நீரே சரி.

பால்போல வெள்ளையாகத் தண்ணீர் வந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். கண்ணாடிக் குவளையில் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். கலங்கல் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. பழுப்பாக வந்தால் வேறு கதை: கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டும் தெளியவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் உங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்திடமோ, தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமோ (பியூபி) சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உள்ளே இருக்கும் பழைய குழாயைப் பார்க்க உரிமம் பெற்ற பிளம்பர் வர வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளில் பல வீடுகளுக்குத் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறித்தான் இறங்குகிறது. கட்டடத் தொட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. தங்குவிடுதியிலோ தனியார் கட்டடத்திலோ இருப்பவர்கள் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. கழகம் எவ்வளவு நல்ல தண்ணீரை அனுப்பினாலும், கடைசி ஐம்பது அடியில் கவனக்குறைவு இருந்தால் கெடும். தங்குவிடுதிகளில் தண்ணீர் பிடிக்கும் வாட்டர் கூலரின் குழாய் முனையைத் துடைத்து வைப்பது, சொந்தப் பாட்டிலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுவது ஆகிய இரண்டும் பெரிய விஷயங்கள். வயிற்றுக் கோளாறு வந்தால் தண்ணீரைத் திட்டுவதற்கு முன் பாட்டிலின் மூடியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஃபில்டர் விற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். குழாய் நீரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாக மாறுவதைக் காட்டி மிரட்டுவதும் உண்டு. கரைந்த கனிமம் உள்ள எந்தக் குடிநீரிலும் அந்த இரும்புக் கம்பி அரித்துப் பழுப்பு வரும். அதை வைத்துத் தண்ணீர் கெட்டது என்று சொல்ல முடியாது. பணத்தைச் சேமியுங்கள். 2025 ஏப்ரல் நிலவரப்படி வீடுகளுக்கு மாதம் 40 கனமீட்டர் வரை ஒரு கனமீட்டர், அதாவது 1,000 லிட்டர், 3.24 வெள்ளி. லிட்டருக்கு ஒரு காசில் மூன்றில் ஒரு பங்குதான்.

கழுவுதொட்டியில் கொட்டக் கூடாதவை

பயன்படுத்திய நீர்தான் மீண்டும் நீராக வருகிறது என்றால், அதில் நாம் எதைக் கொட்டுகிறோம் என்பது முக்கியம். பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயில் கெட்டிப்பட்டு அடைக்கும். தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பெயிண்ட், தின்னர், காலாவதியான மாத்திரை எதுவும் கழிவறையில் போகக் கூடாது. தெருவோரக் கால்வாய் பல இடங்களில் நேராக நீர்த்தேக்கத்துக்குப் போகிறது என்பதால் அங்கே எதையுமே கொட்டக் கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கும்போது இந்தப் பேச்சு வரும். மறைக்காதீர்கள். பின்னால் வேறு யார் மூலமாவது தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். அதேசமயம் கழிவறையிலிருந்து கதையைத் தொடங்காதீர்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1990களில் "கழிவறையிலிருந்து குழாய்க்கு" என்ற ஒரே முழக்கம் இப்படியொரு திட்டத்தையே நிறுத்திவிட்டது. பின்னாளில் மாதிரி ஆலை ஒன்றைக் கட்டி, மக்களை உள்ளே அழைத்துக் காட்டிய பிறகுதான் மனம் மாறத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் கடும் வறட்சி நேரத்திலும் 2006 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். தாகம் இருந்தால் ஒப்புக்கொள்வார்கள் என்று எண்ண முடியாது. விளக்கம் தேவை, அதுவும் முன்கூட்டியே தேவை.

வயதானவர்களிடம் "அம்மா, ஊர்ல நீங்க குடிச்ச கேன் தண்ணி மாதிரியே ஆர்ஓ பண்ணி, அதை ஏரியில விட்டு, மறுபடியும் சுத்தம் பண்ணித் தர்றாங்க" என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். தீட்டு, ஆசாரம் என்று பார்ப்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். பூஜைக்கு வேண்டுமானால் தனியாகப் பாட்டில் வாங்கிக்கொள்ளட்டும், குடிக்கும் நீரில் மட்டும் பயம் போனால் போதும். முஸ்லிம் குடும்பங்களில் உளூ, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது பற்றிக் கேள்வி எழலாம். 1978இலேயே சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர்கள் சபை, நிறமும் மணமும் சுவையும் மாறிய நீர் முழுதாகச் சுத்திகரிக்கப்பட்டு அந்தத் தடயங்கள் நீங்கிவிட்டால் அது தூய நீரே என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உறுதி வேண்டுமென்றால் உங்கள் பள்ளிவாசல் இமாமைக் கேளுங்கள்.

குழந்தைகளுக்கு நேரில் காட்டுவதே நல்லது. பிடோக்கில் இருந்த புதுநீர் வருகையாளர் நிலையம் 2024இல் மூடப்பட்டுவிட்டது. மரினா அணைக்கட்டுக்குக் கூட்டிப் போகலாம். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் ஒன்பது எஃகுக் கதவுகளையும், நகரின் நடுவே மழைநீர் தேங்கி நிற்பதையும் அங்கே பார்க்கலாம். உள்ளே நீர் பற்றிய காட்சிக்கூடமும் உண்டு. திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊருக்குப் போகும்போது

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் குழாயைத் திறந்து அப்படியே வாய் வைத்துக் குடிப்பது பழக்கமாகிவிடுகிறது. விடுமுறைக்கு ஊருக்கோ, பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்கோ போகும்போது கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்: அங்கே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், பல் துலக்கி வாய் கொப்பளிக்கக்கூடச் சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய நீரே கொடுக்க வேண்டும். தாத்தா வீட்டில் இறங்கியதும் குடத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீர் எது என்று முதலில் காட்டிவிடுங்கள்.